வெளிநாட்டுப் படிப்பு: செல்போன் கடையில் அவசரக் கையெழுத்து வேண்டாம்

ஜெர்மனிக்கு முதுகலை படிக்கப் போகிறவர், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு ஒன்றில் 11,904 யூரோவைப் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போய் இறங்கிய பிறகு அந்தப் பணம் மாதம் 992 யூரோ என்ற கணக்கில்தான் கைக்கு வரும். முனிக், ஃபிராங்ஃபர்ட் போன்ற ஊர்களில் ஓர் அறையின் வாடகையே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மருத்துவக் காப்பீட்டுக்கு 100 யூரோவுக்கு மேல் போகும். அரிசி, பருப்பு, புத்தகம், குளிருக்கு ஒரு ஜாக்கெட் என்று எழுதிக்கொண்டே வந்தால், செலவுப் பட்டியலின் கடைசி வரியில் 'செல்போன்' என்று வரும்.

பட்டியலில் கடைசியில் வரும் இந்தச் செலவுக்குத்தான் பலர் முதலில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஊரில் இறங்கிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, கடைவீதியில் பளபளக்கும் ஒரு செல்போன் கடைக்குள் போய், மாதம் 40 யூரோ என்று புதுப் போனும் வரம்பில்லா டேட்டாவும் சேர்ந்த 24 மாத ஒப்பந்தத்துடன் வெளியே வருகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 யூரோ வீதம் 24 மாதத்துக்கு 960 யூரோ. அந்த முடக்கப்பட்ட கணக்கு ஒரு மாதம் முழுக்கப் பிழைப்பதற்குத் தரும் பணம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதே ஊரில், சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் பிரீபெய்டு சிம்மில் 9 யூரோ பேக் போட்டுக்கொண்டு இரண்டு வருடத்தை ஓட்டினால் 234 யூரோ ஆகும். 40 யூரோவில் போனும் சேர்ந்தே வருகிறது என்பது உண்மை. ஆனால் சென்னையில் வாங்கிய நல்ல போன் ஒன்று சட்டைப்பையில் இருக்கும்போது, இன்னொன்றுக்குத் தவணை கட்டும் அவசியம் முதல் வாரத்தில் யாருக்கும் இல்லை.

வெளிநாட்டில் செல்போன் கட்டணம் கொள்ளை என்று பெற்றோர்கள் கவலைப்படுகிறார்கள். ஐரோப்பாவைப் பொறுத்தவரை அந்தக் கவலை பழையது. இன்று மாணவர்களின் பணம் கரைவது இரண்டு வழிகளில்: அவசரத்தில் போட்ட நீண்ட ஒப்பந்தம் ஒன்று, ஊரில் கவனிக்காமல் விட்டுப்போன இந்திய எண் இன்னொன்று.

முதல் வாரத்தின் முடிச்சு

அந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். 'ஆன்மெல்டுங்' என்பார்கள். அதற்கு நேரம் வாங்க செல்போன் எண் வேண்டும். வங்கிக் கணக்கு தொடங்கவும் எண் வேண்டும். எண்ணுக்காகச் செல்போன் கடைக்குப் போனால், மாதாமாதம் பணம் பிடிக்க வங்கிக் கணக்கு எண் கேட்பார்கள். ஒன்றுக்காக இன்னொன்று என்று சுற்றி அலையும் நேரத்தில், 'எல்லாவற்றையும் நானே முடித்துத் தருகிறேன்' என்று ஒரு விற்பனையாளர் சிரித்த முகத்துடன் சொன்னால், பயணக் களைப்பு தீராத பிள்ளை தலையாட்டிவிடும்.

முடிச்சை அவிழ்ப்பது பிரீபெய்டு சிம். அதற்கு வங்கிக் கணக்கு வேண்டாம். ஆல்டி, லிடில் போன்ற சூப்பர் மார்க்கெட்டுகளில் பால், ரொட்டி வாங்கும் அதே கல்லாவில் சிம் கிடைக்கும், ரீசார்ஜும் கிடைக்கும், ரொக்கமாகவே கொடுக்கலாம். ஆல்டி தன் பெயரில் சிம் விற்கத் தொடங்கியது 2005-இல். இந்தியாவைப் போலவே அங்கும் அடையாளச் சான்று இல்லாமல் சிம் இயங்காது. 2017 ஜூலை முதல் பிரீபெய்டுக்கும் அது கட்டாயம். பாஸ்போர்ட்டும் தங்கும் முகவரியும் போதும். செல்போன் கேமரா முன்னால் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சரிபார்க்கும் முறை இருக்கிறது. ஆனால் அது எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டையும் ஏற்பதில்லை. ஏற்காவிட்டால் பதற வேண்டாம். விண்ணப்பத் தாளுடன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனால் அங்கே சரிபார்த்துத் தருவார்கள்.

இடைப்பட்ட ஓரிரு நாளுக்கு வழி தேடவும் மொழிபெயர்த்துக்கொள்ளவும் டேட்டா வேண்டுமே என்பவர்கள், புறப்படும் முன்பே பயண இ-சிம் ஒன்றை வாங்கிப் போனில் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு வாரத்துக்கான சிறிய பேக் போதும். பெரும்பாலும் அதில் டேட்டா மட்டுமே வரும், அழைக்க எண் வராது. விமான நிலையக் கடையில் விற்கும் சுற்றுலா சிம்மைவிட இது மலிவு. மாதக்கணக்கில் இதிலேயே ஓட்ட நினைத்தால் மட்டும் கட்டுப்படியாகாது.

நம் ஊரில் ரீசார்ஜ் 28 நாளுக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஜெர்மனியிலும் பிரீபெய்டு பேக்குகள் நான்கு வாரத்துக்குத்தான். வருடத்துக்கு 12 முறை என்று நினைத்தால் 13 முறை கட்ட வேண்டிவரும். மாத ஒப்பந்தத்தின் விலையையும் நான்கு வாரப் பேக்கின் விலையையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. வருடக் கணக்குக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

ஒப்பந்தத் தாளில் பார்க்க வேண்டியவை

ஒப்பந்தமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு செமஸ்டர் போகட்டும். எந்த வீட்டில் தங்கப்போகிறோம், பகுதிநேர வேலை கிடைக்குமா, அறைக்குள் எந்த நெட்வொர்க் எடுக்கிறது என்றெல்லாம் தெரிந்த பிறகு முடிவு செய்யட்டும். அப்போதும், மாதம் தோறும் விலகிக்கொள்ளக்கூடிய திட்டங்கள் 24 மாதத் திட்டத்தைவிடச் சில யூரோ மட்டுமே கூடுதலாக இருக்கும். வேறு நகரத்தில் இன்டர்ன்ஷிப், இடையில் ஊருக்கு ஒரு நீண்ட விடுமுறை, படிப்பு முடிந்ததும் வேறு நாட்டில் வேலை என்று மாறிக்கொண்டே இருக்கும் வாழ்க்கைக்கு, விலகும் உரிமை அந்தச் சில யூரோவைவிட அதிகம் பெறும்.

சட்டம் கடந்த சில ஆண்டுகளில் வாடிக்கையாளர் பக்கம் நன்றாகவே சாய்ந்திருக்கிறது. முன்பெல்லாம் 24 மாதம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே விலகல் கடிதம் அனுப்பாவிட்டால், ஒப்பந்தம் தானாகவே இன்னொரு வருடம் நீண்டுவிடும். அதில் மாட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிய பிறகும் பணம் கட்டியவர்கள் உண்டு. 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, முதல் காலம் முடிந்ததும் ஒரு மாத அவகாசத்தில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் அப்போதிலிருந்து கட்டணம் கிடையாது. 2022 ஜூலை முதல், இணையத்தில் ஒப்பந்தம் விற்கும் நிறுவனம் தன் இணையதளத்திலேயே விலகல் பொத்தானையும் வைத்தாக வேண்டும். கையெழுத்துக்கு முன் ஒப்பந்தச் சுருக்கத்தைத் தர வேண்டும் என்பதும் விதி. அதைக் கேட்டு வாங்கி, போனில் மொழிபெயர்த்துப் படித்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இணையத்திலோ தொலைபேசியிலோ போட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். கடைக்குள் நின்று கையெழுத்துப் போட்டால் அந்த உரிமை கிடையாது. நேரில் போய் வாங்குவதுதான் பாதுகாப்பு என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்திருக்கிறோம். இங்கே நிலைமை நேர் எதிர். புதிதாக வந்த மாணவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான் என்று நினைக்கிறேன்.

கட்டாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? நினைவூட்டல் கடிதங்கள் வரும். ஜெர்மன் மொழியில் வரும் தபால்களைப் பிரிக்காமல் ஓரமாக அடுக்கிவைப்பது புதிதாக வந்தவர்களின் வழக்கம். அதற்கும் பதில் இல்லை என்றால் விஷயம் 'ஷூஃபா' என்ற கடன் தகவல் நிறுவனத்தின் பதிவேட்டுக்குப் போகலாம். வீடு வாடகைக்குக் கேட்கும்போது உரிமையாளர்கள் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டின் சான்றைத்தான். ஒரு செல்போன் பில் பாக்கி, அடுத்த வருடம் வீடு கிடைப்பதற்குத் தடையாக வந்து நிற்கும்.

கோபுரம் இல்லாத கம்பெனிகள்

ஜெர்மனியில் சொந்தமாக நெட்வொர்க் வைத்திருப்பவை டெலிகாம், வோடஃபோன், ஓ2, பிறகு புதிதாக வந்த 1உன்ட்1 ஆகிய நான்குதான். கடைகளில் பார்க்கும் மற்ற பெயர்கள் எல்லாம் இவர்களிடம் மொத்த விலையில் கொள்ளளவை வாங்கிச் சில்லறையாக விற்பவை. சாலை போட்டவர் ஒருவர், அதில் பஸ் விடுபவர் இன்னொருவர் என்பதைப் போல. அதனால் மலிவு சிம்மில் சிக்னல் மோசமாக இருக்கும் என்ற பயம் வேண்டாம், கோபுரம் ஒன்றேதான். வேகத்துக்கு உச்சவரம்பு இருக்கலாம், அமெரிக்காவில் என்றால் நெரிசல் நேரத்தில் பின்வரிசைக்குத் தள்ளப்படலாம். வகுப்புக் குறிப்புகளை இறக்கவும் அம்மாவுடன் வீடியோவில் பேசவும் அது குறுக்கே நிற்காது.

இந்த வியாபாரத்தில் தமிழர்களின் பங்கு பெரிது. நம் ஊர்க்காரர்கள் லைக்கா என்றால் 'கத்தி' படத்தையும் அதன் பிறகு வந்த பெரிய பட்ஜெட் படங்களையும் நினைப்பார்கள். இலங்கைத் தமிழரான அல்லிராஜா சுபாஸ்கரன் 2006-இல் தொடங்கிய லைக்காமொபைல், புலம்பெயர்ந்தவர்கள் குறைந்த செலவில் ஊருக்குப் பேசுவதற்கான சிம்மை விற்றே வளர்ந்தது. அதற்கு முன்பே, 2001-இல், லெபாரா வந்துவிட்டது. லியோன், பாஸ்கரன், ரதீசன் என்ற மூன்று ஈழத் தமிழ் நண்பர்களின் பெயர்களிலிருந்து முதல் எழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது. அவர்கள் 2017-இல் அதை விற்றுவிட்டார்கள். பெயர் மட்டும் தொடர்கிறது. போரிலிருந்து தப்பி லண்டனிலும் பாரிஸிலும் ஸூரிக்கிலும் கரை சேர்ந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்துக்குப் பேசும் ஒரு நிமிடம் எத்தனை விலையானது என்பதை நேரில் அறிந்தவர்கள் கட்டிய தொழில் இது. எண்ணைச் சுரண்டிப் பார்த்துப் பேசும் காலிங் கார்டுகளில் தொடங்கி, கோபுரமே இல்லாத செல்போன் நிறுவனம் வரை அது வளர்ந்தது. இன்று வாட்ஸ்அப் வந்து வெளிநாட்டு அழைப்பின் விலையையே அழித்துவிட்டதால், இந்த நிறுவனங்களும் டேட்டாவில்தான் போட்டியிடுகின்றன. இருந்தாலும், வயதான பாட்டியின் லேண்ட்லைனுக்கோ, பல்கலைக்கழகச் சான்றிதழ் பிரிவுக்கோ, சென்னையில் உள்ள வங்கிக் கிளைக்கோ நேரடியாகப் பேச வேண்டிய மாதத்தில், இந்திய நிமிடங்கள் சேர்ந்து வரும் இவர்களின் பேக் இன்னும் கைகொடுக்கும்.

எந்த நெட்வொர்க் என்பதை விளம்பரம் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பெர்லினில் எல்லாமே எடுக்கும். இல்மெனாவ், கிளவுஸ்தால் மாதிரிச் சிறிய பல்கலைக்கழக ஊர்களிலும், அங்கிருந்து ரயிலில் போகும் வழியிலும்தான் வித்தியாசம் தெரியும். அந்த ஊரின் தமிழ் மாணவர் வாட்ஸ்அப் குழுவில், 'விடுதி அறைக்குள் எது எடுக்கிறது?' என்று ஒரு கேள்வி கேட்டால் உடனே பதில் வந்துவிடும்.

கையில் இருக்கும் போனையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் கிராமப்புறத்துக்கும் கட்டடத்தின் உட்பகுதிக்கும் 4ஜி கொண்டுசேர்க்கும் முக்கிய அலைவரிசைகளில் ஒன்று 800 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 20. இந்தியாவில் 4ஜிக்கு அது பயன்பாட்டில் இல்லாததால், இங்கு விற்கும் சில மலிவு விலைப் போன்களில் அது இருக்காது. தயாரிப்பாளரின் இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டால் பேண்ட் பட்டியல் வந்துவிடும். புறப்படும் முன் பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று: ஜெர்மனியில் 2009-இலிருந்து சிம் இல்லாத போனிலிருந்து 112 என்ற அவசர எண்ணை அழைக்க முடியாது. பேலன்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இயங்கும் சிம் ஒன்று உள்ளே இருந்தாக வேண்டும்.

எவ்வளவு டேட்டா வேண்டும்?

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு வளர்ந்த தலைமுறை இது. தினமும் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று கணக்கில்லாமல் செலவழித்துப் பழகியவர்கள், மாதத்துக்கே 10 ஜிபி, 20 ஜிபி என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் பயந்து வரம்பில்லாத் திட்டத்துக்கு ஓடுகிறார்கள். ஊரில் நாம் அவ்வளவு டேட்டா செலவழித்ததற்குக் காரணம், வீட்டில் வைஃபை இல்லாமல் எல்லாவற்றுக்கும் செல்போன் டேட்டாவையே நம்பியதுதான். அங்கே நிலைமை வேறு. மாணவர் விடுதி வாடகையிலேயே பெரும்பாலும் இணையம் அடக்கம். வளாகத்துக்குள் எடுரோம் இருக்கிறது.

எடுரோமைப் பற்றி இங்கிருந்து போகும் மாணவர்களுக்குப் போதுமான அளவு யாரும் சொல்வதில்லை. 2002-இல் நெதர்லாந்தில் கிளாஸ் வீரெங்கா என்பவர் முன்வைத்த யோசனை அது. ஒரு பல்கலைக்கழகம் கொடுத்த பயனர்பெயர், கடவுச்சொல்லை வைத்தே இதில் சேர்ந்திருக்கும் வேறு எந்தப் பல்கலைக்கழகத்தின் வைஃபையிலும் நுழையலாம். இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. ஆகனில் படிக்கும் மாணவி பாரிஸுக்குப் போனாலும், அங்குள்ள கல்லூரி வாசலில் நின்றால் அவர் போன் தானாக இணைந்துவிடும். சேர்க்கை முடிந்து பயனர்பெயர் வந்த அன்றே, பல்கலைக்கழகம் தரும் அமைப்புக் கோப்பைப் போனில் நிறுவிக்கொள்ள வேண்டும். கையால் தட்டெழுதி அமைத்தால் சான்றிதழ் சரிபார்ப்பு விட்டுப்போய், போலி வைஃபையிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு.

முதல் மாதம் சிறிய பேக்கில் இருந்துவிட்டு, போனின் செட்டிங்ஸில் செல்போன் டேட்டா எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்தால் தன் தேவை தனக்கே தெரியும். தினமும் ரயிலில் ஒரு மணி நேரம் போய்வருகிறவருக்கும் வளாகத்துக்குப் பக்கத்திலேயே தங்கியிருப்பவருக்கும் தேவை ஒன்றாக இருக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஊர் சுற்றும் மாணவர்களுக்கு 2017 ஜூன் 15 ஒரு நல்ல நாள். அன்றிலிருந்து ஒன்றிய நாடு எதற்குப் போனாலும் உள்ளூர்க் கட்டணம்தான். 2032 வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் சுவிட்சர்லாந்து அந்த ஒன்றியத்தில் இல்லை. எல்லையிலேயே இருக்கும் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக ஊரில், ஏரிக்கரையில் நடக்கும்போதே போன் சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துவிடும். அங்கே படிப்பவர்கள் நெட்வொர்க்கைத் தானாகத் தேடும் வசதியை நிறுத்தி, தங்கள் நிறுவனத்தைக் கையால் தேர்ந்துகொள்வது நல்லது. கப்பலிலும் விமானத்திலும் இருக்கும் செயற்கைக்கோள் நெட்வொர்க்குகளுக்கும் இந்தச் சலுகை கிடையாது.

மற்ற நாடுகளில்

பிரிட்டனில் பிரீபெய்டு சிம்முக்கு அடையாளச் சான்றே கேட்பதில்லை. முனைக்கடையில் எடுத்து அன்றே போட்டுக்கொள்ளலாம். 30 நாள் திட்டங்கள் 10 பவுண்டு அளவிலேயே தாராளமாகக் கிடைக்கின்றன. பிடிக்கவில்லை என்றால் 65075-க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துப் போகலாம். 2019 முதல் இந்த வசதி இருக்கிறது. நீண்ட ஒப்பந்தம் கேட்டால் கடன் வரலாறு இல்லை என்று மறுத்துவிடுவார்கள். மறுத்தது நல்லதுக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஒற்றை ஆளுக்கான திட்டம் விலை அதிகம், ஆட்கள் சேரச் சேர ஒருவருக்கான பங்கு குறையும். அதனால் ஒரே அப்பார்ட்மென்டில் இருக்கும் நான்கைந்து மாணவர்கள் 'ஃபேமிலி பிளான்' போட்டுக்கொள்வது தெலுங்கு, தமிழ் மாணவர்களிடையே வழக்கம். பணம் மிச்சம்தான். ஆனால் கணக்கு ஒருவர் பெயரில் இருக்கும். ஒருவர் வேலை கிடைத்து டெக்சாஸுக்கும் இன்னொருவர் ஊருக்கும் போய்விட்டால், பில் அந்தப் பெயருக்குத்தான் வரும். தனியாகவே சமாளிக்க நினைப்பவர்களுக்கு, மாதம் 15 டாலர் கணக்கில் மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டும் பிரீபெய்டு நிறுவனங்கள் இருக்கின்றன. சமூகப் பாதுகாப்பு எண் கேட்க மாட்டார்கள். போன் விஷயத்தில் அமெரிக்கா கறார். 2022-இல் 3ஜியை மூடியபோது ஏடி&டி, தன் 4ஜி அழைப்புப் பட்டியலில் இருக்கும் மாடல்களை மட்டுமே ஏற்பதாக அறிவித்தது. இந்தியாவில் வாங்கிய போன் அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். ஆஸ்திரேலியாவும் 2024 அக்டோபரில் 3ஜியை மூடியது. 4ஜி வழியாக 000 என்ற அவசர எண்ணை அழைக்க முடியாத போன்களுக்குச் சேவையே கொடுக்கக் கூடாது என்பது அங்கே விதி.

மருத்துவம் படிக்க ரஷ்யா போகிறவர்களின் சிக்கல் வேறு வகை. அங்கே டேட்டா மலிவு. ஆனால் 2025 ஜனவரி முதல் வெளிநாட்டவர் சிம் வாங்க முகத்தையும் குரலையும் அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2025 ஆகஸ்டில் வாட்ஸ்அப், டெலிகிராம் அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அப்போது எழுத்துச் செய்தி போகும், குரல் போகாது என்ற நிலையில், தினமும் பிள்ளையின் குரலைக் கேட்டுப் பழகிய வீடுகள் தவித்துப்போயின. ரஷ்யாவுக்குப் போகிறவர்கள் அங்குள்ள சீனியர்களிடம் முதலில் விசாரிக்க வேண்டியது, வீட்டுக்குப் பேச எந்த வழி இன்று வேலை செய்கிறது என்பதை.

ஊர் எண்ணை உயிரோடு வைத்திருங்கள்

வெளிநாட்டு சிம் பற்றி ஆயிரம் பேர் ஆலோசனை சொல்வார்கள். இந்திய எண்ணைப் பற்றிச் சொல்ல ஆள் குறைவு. கல்விக்கடன் கணக்கு, வங்கிக் கணக்கு, ஆதார், வருமான வரிக் கணக்கு எல்லாமே அந்த எண்ணுக்கு வரும் ஓடிபியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. மகள் மேன்ஹைமில் இருக்கிறாள், கடன் கணக்கில் ஒரு படிவம் பதிவேற்ற வேண்டும், ஓடிபி வரவில்லை என்றால் அந்தச் செமஸ்டர் கட்டணமே தாமதமாகும். செல்போன் செலவு என்று யாரும் இதைக் கணக்கில் எழுதுவதில்லை. வந்து விழும்போது சேதம் மாதக் கட்டணத்தைவிடப் பல மடங்கு.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, 90 நாள் தொடர்ந்து பயன்பாடே இல்லாத எண்ணைத்தான் நிறுவனம் துண்டிக்கலாம். பிரீபெய்டு கணக்கில் 20 ரூபாய் இருந்தால் தக்கவைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. இதை நம்பிப் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் ரீசார்ஜ் காலம் முடிந்ததும் உள்வரும் சேவை அதற்கு வெகுமுன்பே நின்றுவிடும், ஓடிபியும் வராது. துண்டித்த எண்ணை 90 நாளுக்கு வேறு யாருக்கும் தர மாட்டார்கள். அதன் பிறகு கொடுப்பார்கள். அப்போது உங்கள் வங்கியின் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவரின் போனில் ஒலிக்கும்.

இந்திய எண்ணை உயிரோடு வைத்திருக்க இப்போது செலவு குறைவு. டேட்டா வேண்டாத வாடிக்கையாளருக்குக் குரலும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பேக் கொடுத்தாக வேண்டும், அதை 365 நாள் வரைக்கும் கொடுக்கலாம் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. 2025 தொடக்கத்தில் பெரிய நிறுவனங்கள் 2,000 ரூபாய்க்குள் வருடம் முழுக்கவோ கிட்டத்தட்ட முழுக்கவோ நீடிக்கும் பேக்குகளை வெளியிட்டன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குத் தேவை அதுதான். போஸ்ட்பெய்டில் இருந்தால் புறப்படும் முன்பே பிரீபெய்டுக்கு மாறிவிடலாம். சர்வதேச ரோமிங்கை இங்கே இருக்கும்போதே இயக்கிவிட வேண்டும். பெரும்பாலான இந்திய நிறுவனங்களில் ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறக் கட்டணம் இல்லை. ஆனால் வரும் அழைப்பை எடுத்தால் நிமிடக் கட்டணம் உண்டு, டேட்டா தொட்டால் அதைவிட மோசம். இந்திய சிம்முக்கு 'டேட்டா ரோமிங்'கை அணைத்துவிடுங்கள். இரட்டை சிம் போன்களில், ஒன்றில் சிக்னல் குறைந்தால் இன்னொன்றின் டேட்டாவுக்குத் தானாக மாறும் ஒரு வசதி இருக்கும். அதையும் அணைக்க வேண்டும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

சிம்மை அப்பாவின் பழைய போனில் போட்டுவிட்டு, ஓடிபி வந்தால் வாசித்துச் சொல்லச் சொல்வது இன்னும் பல வீடுகளின் ஏற்பாடு. நேர வித்தியாசத்தில் அது சிரமம். மோசடிக்காரர்களுக்கும் வசதி, 'உங்கள் மகனுக்காக ஓடிபி சொல்லுங்கள்' என்று ஒருவர் போன் செய்தால், பழக்கத்தில் சொல்லிவிடுவார்கள். தவிர, வாட்ஸ்அப் போன்ற செயலிகள் பதிவுசெய்த சிம் அந்தப் போனிலேயே இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று 2025 நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை ஆணை பிறப்பித்தது. சிம் பிள்ளையின் போனிலேயே இருப்பதுதான் எல்லா வகையிலும் சரி.

இரண்டு சிம்களில் எதை இ-சிம் ஆக்குவது? என் முடிவு: இந்திய எண் பிளாஸ்டிக் கார்டாகவே இருக்கட்டும், வெளிநாட்டு எண் இ-சிம் ஆகட்டும். போன் கீழே விழுந்து உடைந்தால் கார்டைக் கழற்றி இன்னொரு போனில் போட்டுக்கொள்ளலாம். இந்திய இ-சிம்மை வெளிநாட்டிலிருந்து மீட்டெடுப்பது பெரும்பாடு. கடைக்கு நேரில் போக முடியாது, உறுதிசெய்யும் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்கே வரும். மாற்று சிம் கிடைத்தாலும் முதல் 24 மணி நேரம் அதில் குறுஞ்செய்தி வராது. மோசடியைத் தடுக்க வைத்த விதி அது.

யுபிஐ பற்றியும் கேட்கிறார்கள். 2023 ஜனவரியில் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம், வெளிநாட்டு எண்ணிலேயே யுபிஐ பயன்படுத்த முதலில் அனுமதித்த 10 நாடுகளில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் இருந்தன, ஜெர்மனி இல்லை. அந்த வசதிக்கும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு வேண்டும்.

திரும்பி வரும்போது

படிப்பு முடிந்து கிளம்பும்போது இதே சிக்கல் திசை மாறி வரும். வீட்டுக்குக் கொடுத்த முன்பணம் ஜெர்மனியில் பல மாதம் கழித்துத்தான் திரும்ப வரும். வரி திரும்பப் பெறும் விண்ணப்பமும் அப்படியே. அந்தப் பணம் வந்து சேரும் வங்கிக் கணக்குக்கு, இப்போது ஜெர்மன் எண்ணில்தான் ஓடிபி வரும். ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் இரண்டு மாதம் முன்பே விலகல் பொத்தானை அழுத்தி, உறுதி செய்யும் மின்னஞ்சலைப் பத்திரப்படுத்திக்கொண்டு, எண்ணை மட்டும் ஒரு மலிவுப் பிரீபெய்டு சிம்முக்கு மாற்றிக்கொள்ளலாம். எண்ணைக் கொண்டுபோகக் கட்டணம் இல்லை என்பது இங்கேதான் உண்மையாகப் பயன்படுகிறது. அந்த சிம்மில் கொஞ்சம் பணம் போட்டு, இந்தியாவில் ரோமிங் இயங்குமா என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு வர வேண்டும். எல்லாப் பணமும் வந்து, வங்கிக் கணக்கை மூடிய பிறகு, சிம்மில் மிச்சமிருக்கும் பேலன்ஸையும் திருப்பிக் கேட்கலாம். ஜெர்மனியில் அதைக் கொடுத்தாக வேண்டும். விண்ணப்பத்தில் இன்னும் மூடாத ஒரு கணக்கின் எண்ணைக் கொடுங்கள்.